மெட்டு: பாண் ஓட்டோ

ரிஸ்லாவின் படம் பத்திரிகையில் வந்த வெள்ளிக்கிழமை, அதை முதலில் எடுத்துப் பார்த்தது ஒரு மான்.

திருகோணமலை நகரில் மான்கள் வீதியில் திரிவது புதினமில்லை. வாசலில் வாராவாரம் இலவசமாகப் போடப்படும் விளம்பரப் பத்திரிகையை அவை மெல்லுவதும் புதினமில்லை. ஆனால் மான் மென்று மிச்சம் வைத்த பாதியில் தன் முகமே சிரித்துக்கொண்டிருப்பதை ரிஸ்லா கண்டாள். கையில் அகப்பை. பின்னால் புரியாணிச் சட்டியின் ஒரு துண்டு. கீழே தடித்த எழுத்தில் இப்படி இருந்தது:

“பொது அறிவித்தல். மேலே படத்தில் காணப்படுபவர் எமது நிறுவனத்தின் சேவையிலிருந்து விலக்கப்பட்டுள்ளார். இவருடன் வைத்துக்கொள்ளும் எவ்விதக் கொடுக்கல் வாங்கலுக்கும் நாம் பொறுப்பாளிகள் அல்லோம். நங்கூரம் ஹோட்டல், திருகோணமலை.”

நங்கூரம் ஹோட்டலில் பல வருடங்கள் தலைமைச் சமையல்காரியாக இருந்தவள் ரிஸ்லா. போன மாதம் முதலாளி அபூதாஹிரிடம், அண்ணன் முறையில் ‘நானா’ என்று அவள் கூப்பிடுபவரிடம், முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, அவர் கொடுத்த தேநீரையும் குடித்துவிட்டு, தன் விருப்பத்தில் விலகியிருந்தாள். ஓர்ஸ் ஹில்லில், படியேறிப் போகவேண்டிய தன் வீட்டுக் குசினியிலிருந்து காரியாலயங்களுக்குப் பகல் சோற்றுப் பார்சல் கொடுப்பது அவள் திட்டம். ஒரு கப்பல் முகவர் காரியாலயம் முழுவதற்கும் சாப்பாடு கொடுக்க வாய்ப்பேச்சில் உடன்பாடாகியிருந்தது. அதை நம்பித்தான் பெரிய அடுப்பு வாங்கினாள்.

விலகுவதற்கும் விலக்குவதற்கும் இடையில் நிற்பது புள்ளி வைத்த ஒரு ககரம். அந்தப் புள்ளிக்குள் ஊர் ஒரு களவையே கண்டுபிடித்துவிட்டது. பின்னேரத்துக்குள் அவள் இறைச்சி எடுத்தாள் என்றார்கள் சிலர். எண்ணெய் என்றார்கள் வேறு சிலர். கப்பல் காரியாலயத்தில் சாப்பாட்டுக்குப் பொறுப்பான பாக்கியரத்தினம் தொலைபேசி எடுத்தார். மரியாதையான மனிதர். அதனால்தான் இன்னும் வலித்தது.

“பிள்ளை, ஒண்டும் நினையாதையும். இந்தக் கதை ஒருக்கா தெளியட்டும். பிறகு பாப்பம்.”

மறுநாள் ரிஸ்லா மேல்வீட்டுக்குச் சோற்றுப் பார்சல் கொண்டுபோனாள். அன்றைக்கு அவளுக்கு இருந்த ஒரே வாடிக்கையாளர் அங்கிருந்த கௌசிகாதான்.

கௌசிகாவின் தொழிலைச் சொன்னால் பலர் சிரிப்பார்கள். அமெரிக்கா இன்னும் ஆங்கிலேயரின் குடியேற்றமாக இருந்த காலத்துப் பத்திரிகைகளில் வெளிவந்த பாட்டுகளையும் செய்யுள்களையும், தூரத்து நூலகம் ஒன்றுக்காகக் கணினியில் படித்து அட்டவணைப்படுத்துவது. முதல் வரி என்ன, எழுதியவர் என்ன புனைபெயர் வைத்திருக்கிறார், என்ன மெட்டு என்று பதிய வேண்டும். சன்னலுக்கு வெளியே கோதுமைக் கப்பல் ஒன்று உட்துறைமுகத்தில் நங்கூரமிட்டு நிற்க, உள்ளே அவள் பொஸ்டன் துறைமுகத்துக் கப்பல்களைப் பற்றிய பாட்டுகளைப் படித்துக்கொண்டிருப்பாள். அந்தக் காலத்து அச்சில் ‘எஸ்’ எழுத்து ‘எஃப்’ போலவே இருக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ‘செயில்’ எல்லாம் அவளுக்கு ‘ஃபெயில்’ ஆகத் தெரிந்து, பாய் விரித்த கப்பலெல்லாம் பரீட்சையில் தோற்றுக்கொண்டிருந்தன.

ரிஸ்லா பத்திரிகைத் துண்டை மேசையில் வைத்தாள். மானின் எச்சில் காய்ந்திருந்தது.

“பாத்தீங்களா அக்கா. சிரிக்கிற மூஞ்சியப் போட்டு, இவவோட சேராதீங்க எண்டு போட்டிரிக்காங்க.”

கௌசிகா வாசித்தாள். பிறகு கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினாள்.

“இதைப் பாரும். இருநூற்றைம்பது வருசத்துக்கு முந்தினது. ஒரு சேணம் தைக்கிறவன் பத்திரிகையில அறிவித்தல் போடுறான். என்ர மனிசி என்னை விட்டிட்டுப் போட்டாள், அவளுக்கு ஆரும் சாமான் குடுத்தால் நான் பொறுப்பில்லை எண்டு.”

“அங்கயுமா? நம்மட அபூதாஹிர் நானாவ அங்கயும் கண்டிரிக்காங்க.”

“அடுத்த கிழமை அதே பத்திரிகையில அவள் மறுமொழி குடுத்திருக்கிறாள். பாட்டாய்.”

“என்னெண்டு?”

“உன்ர வீட்டில நான் விட்டிட்டு வந்தது ஒரு உடைஞ்ச கதிரையும் உன்ர குறட்டையும்தான், ரெண்டையும் நீயே வைச்சிரு எண்டு. அப்பிடியே ஏழெட்டுக் கண்ணி போகுது.”

அன்று முதல் தடவையாக ரிஸ்லா சிரித்தாள். பார்சலுக்குப் பக்கத்தில் இருந்த கதிரையை இழுத்து உட்கார்ந்தாள். திரையின் மூலையில் இருந்த சின்னப் படத்தைக் காட்டிக் கேட்டாள்.

“இது யாரு, தடியில மூட்டை கட்டிக்கொண்டு ஓடுறவன்? இங்கயும் நிக்கிறான், அங்கயும் நிக்கிறான்.”

கௌசிகாவின் முகம் சற்று மாறியது. “அது அடிமைகளும் ஒப்பந்த வேலைக்காரரும் தப்பியோடினால் போடுற அறிவித்தல். அச்சுக்காரனிட்ட மரத்தில வெட்டின படம் ஒண்டுதான் இருக்கும். ஓடினது நெட்டையனோ கட்டையனோ, எல்லாருக்கும் அதே படம். வாசிக்கிறவனுக்கு ஊரில ஓடுற எல்லாரும் ஒரே ஆள்.”

ரிஸ்லா அந்த மூட்டைக்காரனைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பாட்டுக்குத் திரும்பினாள்.

“மெட்டு எங்க அக்கா? ச ரி க ம ஒண்டையும் காணல்லயே.”

“மெட்டின்ர பேர் மட்டும் மேல போட்டிருக்கு. இன்ன பாட்டின் மெட்டு எண்டு. அது ஊருக்கே தெரிஞ்ச மெட்டாய் இருக்கும், குடிக்கிற கடையில பாடுறது, கப்பலில பாடுறது. பேரைப் பாத்த உடன வாசிக்கிறவன் பாடத் தொடங்கிடுவான். வாசிக்கத் தெரியாதவன் கேட்டுப் பாடுவான்.”

அப்போது கீழ் வீதியில், பேக்கரிப் பாணும் இனிப்புப் பணிஸும் முச்சக்கர வண்டியில் விற்கும் பஹ்மியின் பாண் ஓட்டோ வந்தது. இலங்கையில் எந்த ஊரிலும் பாண் விற்கும் ஓட்டோ ஒரே மெட்டைத்தான் போடும். எங்கோ ஐரோப்பாவில் பியானோவுக்காகப் பிறந்து, கடைசியில் பணிஸ் விற்க வந்து சேர்ந்த மெட்டு. அது கேட்டால் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எல்லாரும் சில்லறை தேடுவார்கள்.

ரிஸ்லா காதைக் கொடுத்துக் கேட்டாள். மேசையில் விரலால் தட்டினாள். பிறகு மெதுவாக, அந்த மெட்டுக்குச் சரியாக விழும்படி சொன்னாள்: “விலகினேன் நான் விலகினேன்.”

பார்சலைப் பிரிக்கத் தொடங்கியிருந்த கௌசிகா, பாதியில் நிறுத்தி அவளைப் பார்த்தாள்.

*

விளம்பரப் பத்திரிகையை நடத்துபவர் தம்பிராசா. உரிமையாளர், ஆசிரியர், பிழை திருத்துபவர் எல்லாம் அவரே. திங்கட்கிழமை இரண்டு பெண்களும் அவருடைய அச்சகத்துக்குப் போனார்கள்.

“மறுப்பு அறிவித்தல் போட ஏலாது தங்கச்சி,” என்றார் அவர், கண்ணாடிக்கு மேலால் பார்த்து. “அபூதாஹிர் ஒவ்வொரு கிழமையும் முழுப் பக்கம் தாற ஆள். நான் இதைப் போட்டால் அவர் அதைப் போடுவார். பிறகு சட்டத்தரணி ஒண்டைப் போடுவார்.”

“அப்ப என்ட பேரு?”

தம்பிராசா மேசைப் பக்கம் குனிந்துகொண்டார். அடுத்த இதழின் பக்கங்கள் மேசையில் பரவிக் கிடந்தன. ஒரு மூலையில் வெறுமையாக ஒரு கட்டம் இருப்பதை கௌசிகா கண்டாள்.

“இதில என்ன வாறது?”

“கவிதை. ஒவ்வொரு கிழமையும் நிலா எண்டு ஒருத்தர் அனுப்புறவர். இந்தக் கிழமை அவருக்குக் காய்ச்சல்.”

“கவிதைக்கு ஆரும் வழக்குப் போட்டிருக்கினமோ?”

“கவிதையை ஆரும் வாசிச்சாத்தானே பிள்ளை வழக்குப் போடுறது.”

கௌசிகா ரிஸ்லாவைப் பார்த்தாள். ரிஸ்லா கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். தம்பிராசா வாசித்தார். தலையில் எழுதியிருந்ததை மட்டும் மறுபடி வாசித்தார். பிறகு உதடு அசைய, சத்தமில்லாமல், முழுவதையும் ஒருமுறை பாடிப் பார்த்தார். ஒரு அச்சகக்காரர் தன் முகத்தில் காட்டக்கூடாத மகிழ்ச்சியைக் காட்டாமல் இருக்க அவர் மிகவும் பாடுபட்டார்.

“இதில ஆரின்ர பேரும் இல்லை,” என்றார்.

“இல்ல.”

“ஹோட்டல் எண்டும் இல்லை.”

“இல்ல.”

“அப்ப இது கவிதைதான்,” என்று தீர்ப்புச் சொன்னார். “புனைபெயர் வேணும். நிலா எண்டு போட ஏலாது, அவர் கோவிப்பார்.”

“அகப்பை எண்டு போடுங்க,” என்றாள் ரிஸ்லா.

வெள்ளிக்கிழமை அது வந்தது.

“மெட்டு: பாண் ஓட்டோ

விலகினேன் நான் விலகினேன்
விலக்கல்ல ஒருத்தரும்
உலையிருக்கு அகப்பையுண்டு
அரிசியும் எனதுதான்

கறிமணம்தான் எனைச்சொல்லும்
படமேனோ பேப்பரிலே
பசிக்குதெண்டால் விலகாதீர்
படியேறி வாருங்களேன்

அகப்பை”

முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை நாள்; பஹ்மி ஓட்டோ எடுப்பதில்லை, ஊருக்கும் வேறு வேலை இருந்தது. ரிஸ்லா வாசலில் நின்று வீதியைப் பார்த்தாள். அதே மான் வந்து, இந்த இதழையும் மோந்து பார்த்து, மோட்டார் வாகன விளம்பரம் இருந்த பக்கத்தைத் தின்றுவிட்டுப் போனது.

“கவிதைப் பக்கத்த மானும் வாசிக்கல்ல அக்கா,” என்று தொலைபேசியில் சொன்னாள்.

“பொறும். மெட்டு இன்னும் வரேல்லை,” என்றாள் கௌசிகா.

மெட்டு சனிக்கிழமை காலை வந்தது. பஹ்மி வழக்கம்போல வீதி முனையில் ஓட்டோவை நிறுத்தினான். பாண் வாங்க வந்த ஒரு பெண், முதல் நாள் பத்திரிகையில் மரக்கறி சுற்றி வைத்திருந்தவள், அந்த வரிகளைச் சும்மா வாய்க்குள் பொருத்திப் பார்த்தாள். பொருந்தியது. அவ்வளவுதான். தெரிந்த மெட்டுக்குப் புதிய சொல் கிடைத்தால் அது பலாப்பால் மாதிரி. ஒட்டின இடத்தை விட்டுப் போகாது. அடுத்த நிறுத்தத்தில் இரண்டு பேர் பாடினார்கள். ஞாயிற்றுக்கிழமை நிலாவெளி பஸ்ஸில் யாரோ முணுமுணுக்க, நடத்துநர் இரண்டாம் கண்ணியை எடுத்துக் கொடுத்தாராம். பாண் ஓட்டோ போகாத தெருவே இல்லை. ஒவ்வொரு தெருவிலும் காலையும் மாலையும், ரிஸ்லா ஒரு சதம் செலவழிக்காமல், அவளுடைய மறுப்பு அறிவித்தல் வாசிக்கப்பட்டுக்கொண்டிருந்தது.

நங்கூரம் ஹோட்டலுக்கு முன்னாலும் பஹ்மி நிற்பவன். அங்கே தேநீர் குடிப்பவர்கள் பணிஸ் வாங்குவார்கள். ஓட்டோ வந்தால் மேசைகளில் கரண்டிகள் தாளம் போடத் தொடங்கின. யாரும் வாயைத் திறந்து பாடவில்லை. முதலாளியின் கடையில் இருந்து முதலாளியைப் பாடுவதற்கு மரியாதை விடாது. ஆனால் முனகலுக்கு யார் தடை போடுவது? குசினிக்குள் புதிய சமையல்காரரும் முனகினார்.

செவ்வாய்க்கிழமை அபூதாஹிர் வீதிக்கு வந்து ஓட்டோவை மறித்தார்.

“தம்பி பஹ்மி, இந்த இடத்தில மட்டும் அந்த மெட்ட நிப்பாட்டி வை.”

“மெட்ட நிப்பாட்டினா பாண் விக்காது நானா.”

“இங்க ஒண்டும் போடாமலே வாங்குவாங்க. நிப்பாட்டு.”

பஹ்மி சொல் கேட்பவன். மறுநாள் ஹோட்டல் வந்ததும் மெட்டை நிறுத்தினான். வீதி சட்டென்று அமைதியானது. மேசைகளில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். மெட்டு விட்ட இடத்திலிருந்து ஒருவர் எடுத்தார், பக்கத்து மேசை சேர்ந்துகொண்டது, கடைசி வரிக்கு வரும்போது கடையே பாடியது. மௌனத்தைச் சொல் வைத்து நிரப்பவேண்டும் என்று அவர்களுக்கு அதுவரை தோன்றியிருக்கவில்லை. அபூதாஹிர்தான் தோன்ற வைத்தார்.

வியாழன் பின்னேரம், அபூதாஹிர் ரிஸ்லாவின் வீட்டுப் படிகளில் ஏறி வந்தார். பருத்த மனிதர், மூச்சு வாங்கியது. குசினி வாசலில் ரிஸ்லாவும் கௌசிகாவும் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள்.

“ரிஸ்லா, ஒரு கதை கதைக்க வந்தன்.”

“கதைங்க நானா. பாட்டெண்டா பேப்பருக்கு அனுப்புங்க.”

அவள் காட்டிய கதிரையில் உட்கார்ந்தார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

“நான் உன்ன விலக்கின எண்டு சொல்லவே இல்ல புள்ள. தம்பிராசாக்கு ஃபோன்ல சொன்னது இதுதான்: ரிஸ்லா விலகிட்டா, ஆக்கள் இன்னும் அவட நம்பருக்கே எடுத்து ஓடர் சொல்றாங்க, ஒரு அறிவித்தல் போடுங்க எண்டு. படம் கேட்டார், இரிந்த படத்த அனுப்பினன்.”

கௌசிகா வெங்காயக் கையைத் துடைத்துவிட்டுத் தம்பிராசாவுக்குத் தொலைபேசி எடுத்து, எல்லாருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தாள்.

“ஓம், விலகிட்டா எண்டுதான் சொன்னவர்,” என்றார் தம்பிராசா, எந்தச் சங்கடமும் இல்லாமல். “ஆனால் விலகினவைக்கு ஆர் அறிவித்தல் போடுறது? வாறதெல்லாம் விலக்கினதுதான். அந்த ஒரு அச்சுத்தான் எங்களிட்ட கிடக்கு. படத்தையும் கடைப் பேரையும் மாத்திப் போடுவம். போன மாசம் அதே அச்சைத்தான் மோட்டச்சைக்கிள் கடைப் பெடியனுக்கும் போட்டது.”

ரிஸ்லாவும் கௌசிகாவும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

“மூட்டைக்காரன்,” என்றாள் ரிஸ்லா.

“ஆர்?” என்றது தொலைபேசி. கௌசிகா அதை நிறுத்தினாள்.

அபூதாஹிரின் முகம் தெளிந்தது. “பாத்தியா. என்னில பிழை இல்ல.”

ரிஸ்லா உரித்த வெங்காயத்தைத் தண்ணீரில் போட்டாள். பிறகு குரல் உயர்த்தாமல் கேட்டாள்.

“என்ட படம் போட்ட பேப்பர் வந்திச்சு. நீங்க வாசிச்சீங்களா நானா?”

அபூதாஹிர் படிகளைப் பார்த்தார். சந்தையில் வியாபாரம் பேசும்போது எத்தனையோ பொய் சொல்லியிருப்பார். ஆனால் பல வருடம் தன் கடைக்கு உலை வைத்தவளின் குசினியில் உட்கார்ந்து பொய் சொல்ல அவருக்கு வரவில்லை.

“வாசிச்சன்.”

“அப்ப ஏன் ஒண்டும் சொல்லல்ல?”

“உன்ட நம்பருக்கு ஆக்கள் எடுக்கிறது நிண்டுட்டு,” என்றார் அவர். “அது எனக்கு நல்லமாப் போச்சு. பேசாம இரிந்திட்டன்.”

ரிஸ்லா இன்னொரு வெங்காயத்தை எடுத்தாள். பிறகு அவரே தொடங்கினார்.

“தம்பிராசாட்ட சொல்லித் திருத்தம் போடுறன்.”

“திருத்தம் கடைசிப் பக்கத்தில, மரண அறிவித்தலுக்குக் கீழ வரும். அத மான்தான் வாசிக்கும். நீங்க பாக்கியரத்தினம் ஐயாக்கு எடுங்க. இப்ப. எனக்கு முன்னுக்கு.”

அபூதாஹிர் தொலைபேசியைக் கையில் எடுத்து, வைத்து, மறுபடி எடுத்தார். அவர் பெருமைக்காரர்தான், ஆனால் படியேறி வந்தவர். அழைத்தார். ரிஸ்லாவின் கண் அசைவைப் பார்த்து, அவரும் சத்தமாகக் கேட்கும்படி வைத்தார்.

“பாக்கியரத்தினம் ஐயா, நான் நங்கூரம் அபூதாஹிர். அந்த ரிஸ்லாட விசயம். அவ தானா விலகினவ. அவவ விலக்கல்ல, ஒருத்தரும்.”

மறுபக்கத்தில் பாக்கியரத்தினம் கேட்டார்.

“நானா, பாடுறீங்களோ?”

“இல்ல ஐயா, சொல்றன்.”

“மெட்டுக்குச் சரியாய் வருகுது. ஒருக்கா திரும்பச் சொல்லுங்கோ, இங்க எல்லாருக்கும் கேக்கட்டும்.”

அபூதாஹிர் கண்ணை மூடிக்கொண்டார். “விலகினா. அவ விலகினா. விலக்கல்ல ஒருத்தரும்.”

தொலைபேசிக்குள் ஒரு காரியாலயமே அடுத்த வரியைப் பிடித்தது. உலையிருக்கு அகப்பையுண்டு என்பது வரை சேர்ந்து வந்தார்கள். பிறகு யாருடைய சிரிப்போ அதை உடைத்தது. பாக்கியரத்தினம் தொண்டையைச் செருமிக்கொண்டு, மறுபடி மரியாதையான மனிதரானார்.

“பிள்ளை பக்கத்தில நிக்குதோ? திங்கக்கிழமை தொடங்கச் சொல்லுங்கோ. மீன் வேண்டாதவையும் இருக்கினம், அதையும் சொல்லிப்போடுங்கோ.”

“நிக்கிறன் ஐயா. கேட்டிட்டன்,” என்றாள் ரிஸ்லா. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கையில் வெங்காயம் இருந்ததால் அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

அவள் தேநீர் போட்டாள். வேலையை விட்டுப் போன அன்று அவர் கொடுத்ததற்குப் பதிலாக இருக்கலாம்; அதை அவள் சொல்லவில்லை. அபூதாஹிர் கோப்பையை முடித்து எழுந்தார். இரண்டு படி இறங்கியவர் நின்று திரும்பினார்.

“ரிஸ்லா, ஒண்டு கேக்கட்டுமா?”

“கேளுங்க.”

“நங்கூரத்துக்கும் நாலு வரி எழுதித் தாவன். விளம்பரமாப் போடலாம்.”

“எழுதலாம் நானா. மெட்டு?”

“அதுதான். பாண் ஓட்டோ.”

“அது எடுத்தாச்சு,” என்றாள் ரிஸ்லா. “மீன் லொறிட ஹோன் சும்மாதான் இரிக்கி. அதுக்குப் பொருந்துமா எண்டு பாருங்க.”

கௌசிகா சிரித்தாள். அபூதாஹிர் சிரிக்கவில்லை. அவர் படியிலேயே நின்று, வீதியைப் பார்த்து, உதட்டைக் குவித்து, நங்கூரம் என்ற சொல்லை மீன் லொறியின் ஹோன் சத்தத்தில் மெதுவாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.